காது முதலில், கண் பிறகு: வன்னியின் வீட்டு அறைகளில் பாடல் மிக்ஸ் செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் இன்று பெரும்பாலான பாடல்கள் வீட்டின் ஓர் அறையிலேயே உருவாகின்றன. கோயில் பொங்கலுக்கு ஒரு பக்திப் பாடல், பாடசாலைக்கு ஒரு கீதம், கூத்துப் பாட்டின் புதிய வடிவம், யூடியூப்பில் வெளியிட ஒரு தனிப்பாடல் என எல்லாவற்றுக்கும் அதே அறைதான். சீமெந்துச் சுவர், தகரக் கூரை, வெறும் தரை. இப்படிப்பட்ட அறையில் ஸ்பீக்கர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. ஆகவே ஒலியைப் படமாகக் காட்டும் அனலைசர், ஸ்பெக்ட்ரோகிராம், லவுட்னஸ் மீட்டர் போன்றவை, சுவரெல்லாம் ஒலியடக்கம் செய்த பெருநகர ஸ்டுடியோவைவிட நமக்கே கூடுதலாகத் தேவைப்படுகின்றன. அவற்றுள் நல்லவை பல இலவசமாகவே கிடைக்கின்றன.

கிடைப்பது எளிது என்பதால் தொடக்கத்திலிருந்தே திரையைப் பார்த்தபடி மிக்ஸ் செய்யும் பழக்கமும் பரவியிருக்கிறது. அது பாட்டைக் கெடுக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒழுங்கைத்தான் வலியுறுத்துகிறேன். காது ஒரு குறையைச் சொல்ல வேண்டும். அதன் பிறகே அந்தக் குறை எங்கே, எவ்வளவு என்று திரையிடம் கேட்க வேண்டும். காதில் எழாத கேள்விக்குத் திரை பதில் சொல்ல வந்தால் அதைக் கேட்காதீர்கள். இதற்கு விலக்கான இடங்கள் சில உண்டு. அவை அந்தந்த இடத்தில் வரும்.

முதற்படி: அறை எங்கே பொய் சொல்கிறது என்று கண்டுபிடியுங்கள்

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் நாடாவால் அளந்து மீற்றரில் எழுதுங்கள். ஒவ்வோர் அளவையும் இரண்டால் பெருக்கி, வரும் எண்ணால் 350ஐ வகுங்கள். நம் ஊர் வெயிலில், 31 பாகை செல்சியசில், ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும். வகுத்து வரும் எண்தான் அந்த இரு சுவர்களுக்கு இடையே நின்ற அலை (ஓரிடத்தில் வீங்கியும் ஓரிடத்தில் மெலிந்தும் நிற்கும் ஒலி) தோன்றும் முதல் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்ற ஹெர்ட்ஸ் எண்.

12 அடிக்கு 9 அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 அடி என்பது 3.66 மீற்றர், கணக்கு 48 ஹெர்ட்ஸ் என்று வரும். 9 அடி என்பது 2.74 மீற்றர்; கணக்கு 64 ஹெர்ட்ஸ். மேசையை நீளச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிரே கதிரையில் அமர்ந்தால், உங்கள் தலை அந்த 9 அடியின் நடுப்பகுதியில் இருக்கும். நின்ற அலையின் அழுத்தம் நடுவில்தான் மிகக் குறைவு. அதாவது 64 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி அந்தக் கதிரையில் மெலிந்தே கேட்கும்.

இப்போது பாட்டுக்கு வாருங்கள். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் சட்ஜம் 130.8 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே பேஸ் சட்ஜம் பிடித்தால் 65.4 ஹெர்ட்ஸ். பாட்டில் அதிகம் ஒலிக்கும் பேஸ் சுரம் உங்கள் கதிரையில் மட்டும் காணாமல் போகிறது. நீங்கள் பேஸை உயர்த்துவீர்கள். முச்சக்கரவண்டியில் அதே பாட்டைப் போட்டால் வண்டியின் தகடு அதிரும், பாடகரின் சொல் கேட்காது.

இதை நேரிலேயே பார்க்கலாம். பெரும்பாலான மிக்சிங் மென்பொருள்களில் சைன் ஒலி (ஒரே மீடிறன் மட்டும் உள்ள ஒலி) எழுப்பும் ஜெனரேட்டர் ஒன்று இருக்கும். 65 ஹெர்ட்ஸை மெதுவாக ஒலிக்கவிட்டு, கதிரையில் இருந்தபடியே தலையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பிறகு எழுந்து பின்சுவர் வரை நடங்கள். ஒரே ஒலி ஓரிடத்தில் மெலிந்தும் சுவரோரத்தில் வீங்கியும் கேட்கும். 40 ஹெர்ட்ஸிலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை 5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இதைச் செய்து, எந்த எண்ணில் ஒலி வீங்குகிறது, எதில் மறைகிறது என்று குறித்து மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். அளவீட்டு மைக் ஒன்று கையில் இருந்தால் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள் இதையே வரைபடமாகத் தரும். கைப்பேசி மைக்கை இதற்கு நம்ப வேண்டாம். அடி ஒலியை அது சரியாகப் பிடிக்காது.

கதிரையை முன்சுவரிலிருந்து அறையின் ஆழத்தில் ஏறத்தாழ 38 சதவீதத்துக்கு நகர்த்துவது பலரும் தொடங்கும் இடம். பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து வைத்தால் மேல் ஒலியின் எதிரொலி குறையும். ஆனால் 64 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்து மீற்றருக்கு மேல்; மெத்தை அதைப் பெரிதாகத் தடுக்காது. எனவே, உங்கள் பட்டியலில் உள்ள மீடிறன்களில் மட்டும் காதைவிடத் திரையை நம்புங்கள். இதுவே முதல் விலக்கு.

இரண்டாம் படி: கேட்கும் மட்டத்தை ஒரே இடத்தில் நிறுத்துங்கள்

ஒலியின் மட்டம் மாறினால் காதின் தீர்ப்பும் மாறும். பெல் ஆய்வுகூடத்தின் பிளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து காட்டினார்கள். மெதுவாகக் கேட்கும்போது அடி ஒலி காதுக்குக் குறைவாகத் தெரியும். உரக்கக் கேட்டால் கூடுதலாகத் தெரியும். காலையில் மெதுவாகவும் இரவில் உரத்தும் கேட்டு மிக்ஸ் செய்தால் பேஸ் ஒரு முடிவுக்கு வராது.

சிறிய அறைக்கு 75 டெசிபெல் அளவு போதும். கைப்பேசியின் ஒலி அளவுச் செயலி துல்லியமானது அல்ல, ஆனால் ஒவ்வொரு நாளும் அதே மட்டத்துக்குத் திரும்பிவர அது உதவும். ஸ்பீக்கரின் திருகு நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். காதின் நலத்துக்காகவும் இதைச் சொல்கிறேன். 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

மூன்றாம் படி: திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள், கொப்பியில் எழுதுங்கள்

ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை மட்டும் வைத்துச் சமநிலை ஒன்றைக் கொண்டுவாருங்கள். 24 பிட்டில் பதிவு செய்திருந்தால் ஒவ்வொரு ட்ராக்கின் சராசரியும் −18 டெசிபெல் (மென்பொருளின் உச்ச எல்லையான 0இலிருந்து கீழே) அருகே இருப்பதே வசதி. எல்லா ட்ராக்கும் சேரும் மாஸ்டரில் மேலே இடம் மிஞ்சும். ஈக்யூ (மீடிறன்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (உரத்த ஒலியைத் தணிப்பது) எதுவும் இன்னும் வேண்டாம்.

பிறகு மடிக்கணினியின் திரையை அணைத்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். கேட்பதை உடனே கொப்பியில் எழுதுங்கள். எழுதும் விதம் இப்படி இருக்கட்டும்: “பல்லவி இரண்டாம் வரியில் குரல் புதைகிறது.” “தவில் நுழைந்ததும் பேஸ் காணாமல் போகிறது.” “மேல் பஞ்சமத்தில் நாதஸ்வரம் காதைக் குத்துகிறது.” “இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஏதோ இரைச்சல்.” மீடிறன் எண் எதையும் இந்தக் கட்டத்தில் எழுத வேண்டாம். எங்கே, எது, எப்படி என்ற மூன்றும் போதும்.

இந்தக் கொப்பிதான் இனிவரும் எல்லாப் படிகளுக்கும் ஆதாரம். அனலைசரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதில் உள்ள ஒரு வரிக்காகவே திறக்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலே உங்கள் மிக்ஸ் மாறிவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

நான்காம் படி: அனலைசரை ஒழுங்காக அமையுங்கள்

வோக்செங்கோ நிறுவனத்தின் ஸ்பான் இலவசமானது, நம்பகமானது. வேறு எதை எடுத்தாலும் கீழே சொல்லும் அமைப்புகள் பெரும்பாலும் ஏதாவதொரு பெயரில் இருக்கும்.

முதலாவது, ஒரு தடவையில் எத்தனை சாம்பிள்களைச் சேர்த்து ஆராய்வது என்ற பகுப்பின் அளவு (ஸ்பானில் Block Size). 48,000 சாம்பிள் வேகத்தில் 2,048 என்ற அளவைத் தெரிந்தால் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே 23 ஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கும். 65 ஹெர்ட்ஸ் பேஸையும் 80 ஹெர்ட்ஸ் கிக்கையும் அது பிரித்துக் காட்டாது. இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். 16,384ஐத் தெரிந்தால் இடைவெளி 3 ஹெர்ட்ஸுக்கும் குறையும், ஆனால் ஒவ்வொரு படமும் மூன்றில் ஒரு செக்கன் நீள ஒலியின் கூட்டாக இருக்கும். தவிலின் விரைவான சொற்கள் அதில் கரைந்துவிடும். ஆகவே அடி ஒலியை ஆராயும்போது 16,384, அடிகளின் கூர்மையை ஆராயும்போது 2,048. இதை மாற்றத் தெரியாமல் அனலைசரைப் பார்ப்பவர்கள் இல்லாத சிக்கலைக் காண்பார்கள், இருக்கும் சிக்கலைத் தவறவிடுவார்கள்.

இரண்டாவது, சாய்வு. இசையில் மேலே போகப்போக ஆற்றல் இயல்பாகவே குறையும். அதை ஈடுசெய்து படத்தைக் கிடையாகக் காட்டவே சாய்வு. ஸ்பானில் அது ஓர் ஒக்டேவுக்கு 4.5 டெசிபெல் என்று முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். சில கருவிகளில் 3, சிலவற்றில் 0. சாய்வு மாறினால் அதே பாட்டு ஒன்றில் மந்தமாகவும் மற்றொன்றில் கூர்மையாகவும் தோன்றும். ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். உங்களுக்குப் பிடித்த பாடல்களை அதே அமைப்பில் ஓடவிட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும்.

சராசரி நேரத்தைச் சமநிலை பார்க்கும்போது மூன்று செக்கன் அளவில் வைக்கலாம்.

ஸ்பானில் இன்னொரு வசதி உண்டு. கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி படத்தின் மேல் சுட்டியை அழுத்தினால், அந்த இடத்து ஒலி மட்டும் தனியாகக் கேட்கும். கண் கண்டதைக் காதால் உடனே விசாரிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஐந்தாம் படி: மேடு நகர்கிறதா, நிற்கிறதா?

கொப்பியில் உள்ள நாதஸ்வர வரிக்கு வருவோம். “காதைக் குத்துகிறது.” நாதஸ்வர ட்ராக்கில் அனலைசரைப் போட்டால் சீப்புப் பல் போல வரிசையாக உச்சிகள் எழும். இந்த இடத்தில்தான் பலரும் ஈக்யூவை எடுத்து உயரமான உச்சிகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்குகிறார்கள். படம் அழகாகிறது, நாதஸ்வரம் செத்துப்போகிறது.

அந்த உச்சிகள் பெரும்பாலும் சுரத்தின் மேற்றொனிகள். சுரத்தின் அடிப்படை மீடிறன் 392 ஹெர்ட்ஸ் என்றால் 784, 1,176, 1,568 என்று அவை அடுக்காக வரும். வித்துவான் அடுத்த சுரத்துக்குப் போனவுடன் அடுக்கு முழுவதும் இடம்பெயரும். நீங்கள் வெட்டிய பள்ளமோ அங்கேயே நிற்கும். பஞ்சமத்துக்காக வெட்டிய பள்ளத்தில் வேறொரு சுரத்தின் உயிரான மேற்றொனி விழுந்து தேயும். கமகத்தில் சுரம் வழுக்கிச் செல்லும்போது அந்தப் பள்ளத்தைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ஒலி ஒரு கணம் மங்கித் திரும்பும்.

ஆகவே வெட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்: சுரம் மாறும்போது மேடு சேர்ந்து நகர்கிறதா? நகர்ந்தால் அது இசை, தொடாதீர்கள். எந்தச் சுரம் வந்தாலும் ஒரே இடத்தில் மேடு எழுந்து நின்றால், அது அறையின் பரிவு, மைக்கின் வீக்கம், அல்லது கருவியின் உடலில் உள்ள பரிவு. வெட்டத்தக்கது அதுதான். ஆரோகணம், அவரோகணம் உள்ள பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, உச்சி நிலைத்துத் தெரியும் அமைப்பில் வைத்துப் பார்த்தால் நிலையான மேடு தெளிவாகத் தனித்துத் தெரியும். வெறுஞ்சுவர் அறையில் பதிவான நாதஸ்வரத்தில் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியை முதலில் தேடுங்கள். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது அந்தப் பகுதியில்தான். அங்கே 3 டெசிபெல் கூடினாலே குத்தும்.

மேடு கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு, குத்தல் நிற்கும் வரை மட்டும் இறக்குங்கள். எவ்வளவு இறக்குவது என்பதைத் திரை சொல்லாது.

வயலின், புல்லாங்குழல், ஆர்மோனியம், மனிதக் குரல் எல்லாவற்றுக்கும் இதே சோதனை பொருந்தும். தோற்கருவிகளுக்குப் பொருந்தாது. தவிலின் ஒலிக்கு அந்தந்தத் தோலின் இழுவையே மீடிறனைத் தருவதால் மேடு ஓரளவு நிலையாகவே இருக்கும். அதை வெட்டினால் தவிலின் நாதமே போய்விடும்.

ஆறாம் படி: பேஸ், தவில், குரல்

மிக்ஸ்கள் பெரும்பாலும் விழும் இடம் 60 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையான பகுதி. அதே ஒரு கட்டைப் பாட்டை வைத்துப் பார்ப்போம். பேஸ் சட்ஜம் 65.4. அதன் இரண்டாம் இசையம் (அடிப்படையின் இருமடங்கு) 130.8, பாடகரின் சட்ஜம் அதேதான். மூன்றாம் இசையம் 196.2, பாடகரின் பஞ்சமம் அதே இடம். ஆகவே பாடகர் சட்ஜத்திலோ பஞ்சமத்திலோ நிற்கும் சொற்களில், பேஸ் சட்ஜம் பிடித்தால், குரலின் அடிப்படை பேஸுக்குள் அமிழ்ந்துவிடும். “பல்லவி இரண்டாம் வரியில் குரல் புதைகிறது” என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரி சட்ஜத்தில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

குரலையும் பேஸையும் இரண்டு நிறங்களில் ஒரே திரையில் காட்டும் அனலைசர் இருந்தால் இந்த மோதல் நேராகவே தெரியும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்துக் கொப்பியில் குறித்தாலும் போதும். மருந்து, பேஸ் முழுவதையும் இறக்குவதல்ல. பேஸ் ட்ராக்கில் 130 முதல் 200 வரை 2 அல்லது 3 டெசிபெல் அகலமாக இறக்குங்கள். டைனமிக் ஈக்யூ இருந்தால் குரல் வரும்போது மட்டும் அது இறங்கும்படி செய்யுங்கள். 65 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கட்டும். உங்கள் அறை 65இல் பொய் சொல்லும் அறை என்றால், அந்த மேட்டின் உயரத்தை ஒரு கட்டையிலேயே அமைந்த வேறொரு நல்ல பாட்டின் மேட்டோடு திரையில் ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

கைப்பேசியில் 65 ஹெர்ட்ஸ் வரவே வராது. அங்கே கேட்பவர் பேஸை உணர்வது மேலுள்ள இசையங்களின் வழியாகத்தான். அடிப்படை ஒலி இல்லாவிட்டாலும் மேலுள்ள அடுக்கை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்ளும். எனவே பேஸுக்கு, மேல் இசையங்களைக் கூட்டும் சாச்சுரேஷனைச் சிறிது சேர்த்து 250 முதல் 600 வரை அதன் தடத்தைக் கூட்டுங்கள். சரிபார்க்க மாஸ்டரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் தற்காலிகமாக வெட்டிவிட்டுக் கேளுங்கள். பேஸின் நடை இன்னும் புரிகிறதா? புரிந்தால் போதும். வெட்டை எடுத்துவிட மறக்காதீர்கள்.

தவிலை இரண்டு மைக்குகளால், தொப்பிக்கு ஒன்றும் வலந்தலைக்கு ஒன்றுமாகப் பதிவு செய்பவர்கள், இரண்டையும் நடுவில் வைத்து ஒன்றின் துருவத்தை மாற்றும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இரண்டு மைக்குகளின் அலைகளும் எதிரெதிராக இருந்தால் தொப்பியின் கனம் காணாமல் போயிருக்கும். எந்த நிலையில் கனம் கூடுகிறதோ அதுவே சரி. திரையில் 60 முதல் 150 வரை மேடு உயர்வதும் தெரியும், ஆனால் இதைக் காதே உடனே சொல்லிவிடும்.

ஏழாம் படி: ஸ்பெக்ட்ரோகிராமில் குரலைப் படியுங்கள்

அனலைசர் ஒரு கணத்தைக் காட்டும். ஸ்பெக்ட்ரோகிராம் நேரத்தையும் சேர்த்துக் காட்டும்: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக மீடிறன், வெளிச்சமே ஒலியின் அளவு. ஓடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் இது உண்டு. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சோனிக் விஷுவலைசரும் இலவசம்.

நம் பதிவுகளில் தென்படும் பெரும்பாலான அழுக்குகள் இங்கே முகம் காட்டும். 50, 100, 150 ஹெர்ட்ஸில் நேர்க்கோடுகள் ஓடினால் அது மின்சாரத்தின் இரைச்சல். பூமித் தொடுப்பையும் வயரையும் பாருங்கள். மேலே சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒரு பட்டை விட்டுவிட்டு மினுங்கினால் அது சில்வண்டு. மாரியில் குளத்தோரத்து வீடுகளில் இரவுப் பதிவு செய்தால் தவளைகளும் அதில் சேரும். அகலமான மங்கல் புகை மின்விசிறியினுடையது. ஏ9 வீதியை ஒட்டிய வீடுகளில் லொறி கடக்கும்போது அடியில் ஒரு வெளிச்சம் மெல்ல ஏறி இறங்கும். “இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஏதோ இரைச்சல்” என்ற வரிக்கு விடை ஒரு பார்வையிலேயே கிடைத்துவிடும்.

ஆனால் தெரிகிற எல்லாவற்றையும் துடைக்க வேண்டியதில்லை. பாட்டு ஒலிக்கும்போது காதுக்குக் கேட்காத இரைச்சலை நீக்கப் போய்க் குரலின் மேல்பகுதியை உலோகத் தகடுபோல் ஆக்கிவிடுபவர்கள் பலர். பாட்டோடு சேர்த்துக் கேட்டால் தெரிகிறதா என்பதே அளவுகோல்.

குரலிலேயே இரண்டைப் பாருங்கள். “ப” என்று தொடங்கும் சொற்களில் மைக்கை மூச்சு அடித்தால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு குட்டை வெளிச்சம் தோன்றும். அந்த இடத்தில் மட்டும் அடி ஒலியை வெட்டுங்கள். முழு ட்ராக்குக்கும் வெட்டுவதானால், ஒரு கட்டையில் மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வைத்து 75க்கு மேல் போகாதீர்கள். “ஸ்” ஒலிகள் 5,000 முதல் 9,000 வரை நெட்டுக்குத்தான தூண்களாகத் தெரியும். ஒவ்வொரு பாடகருக்கும் தூணின் அடி வேறு இடத்தில் இருக்கும். “ஸ்” ஒலியைத் தணிக்கும் டீ-எஸ்ஸரை அந்த இடத்திலேயே வையுங்கள்.

கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். போரின் வெடிச்சத்தங்களால் செவிப்பறை கிழிந்தவர்களும், ஒரு காதின் கேட்கும் திறன் குறைந்தவர்களும் வன்னியில் இருக்கிறார்கள். அவர்களில் நல்ல இசை அறிவு உள்ளவர்களும் உண்டு. பெரும் சத்தத்தால் வரும் கேட்புக் குறைவு முதலில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியைத் தாக்கும். அப்படிப்பட்ட ஒருவர் காதை மட்டும் நம்பி மிக்ஸ் செய்தால் அந்தப் பகுதியை அளவுக்கு மீறி உயர்த்திவிடுவார்.

காதுப் பரிசோதனை செய்து ஓடியோகிராம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எந்த மீடிறனில் இறக்கம் இருக்கிறதோ, அந்தப் பகுதியையும் மேலே சொன்ன அறைப் பட்டியலைப் போலவே கருதுங்கள்: அங்கே திரைக்கே முதலிடம். இது இரண்டாவது விலக்கு. நன்றாக மிக்ஸ் செய்யப்பட்ட பாட்டின் சராசரிப் படத்தை அந்தப் பகுதியில் மட்டும் உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு காது மட்டும் கேட்பவர்கள் இடம், வலம் சமநிலையை மீட்டரில் பார்த்து அமைக்கலாம். ஒலியின் உருவத்தைக் கேட்கும் வேலையை மோனோவில் செய்யலாம். இசை அமைக்கும் உரிமை முழுச் செவி உள்ளவர்களுக்கு மட்டுமானதல்ல. இந்தக் கருவிகள் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன.

எட்டாம் படி: ஸ்டீரியோவும் கோயில் ஒலிபெருக்கியும்

நம் பாடல்கள் ஒலிக்கும் முக்கியமான இடம் ஒன்று திருவிழா வீதி. வற்றாப்பளைப் பொங்கலோ ஊர்ப் பிள்ளையார் தேரோ, மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளில் ஒலிப்பது பெரும்பாலும் மோனோ. இடமும் வலமும் ஒன்றாகக் கலந்துவிடும். சின்தசைசர் ஒலியையோ கோரஸையோ அகலப்படுத்தும் பிளக்இன்னில் போட்டு விரித்திருந்தால், கலக்கும்போது அவை ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும்.

கொரிலேஷன் மீட்டரைப் பாருங்கள். +1 என்றால் இரு பக்கமும் ஒன்று. 0 என்றால் தொடர்பற்றவை. −1 என்றால் முற்றிலும் எதிர். முள் 0க்கும் +1க்கும் இடையே உலாவினால் பயமில்லை. தொடர்ந்து 0க்குக் கீழே நின்றால் எந்த ட்ராக் காரணம் என்று ஒவ்வொன்றாக மியூட் செய்து கண்டுபிடியுங்கள். பிறகு மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். கோரஸ் சிறிது குறைவது இயல்பு. மறைந்தே போனால் விரிப்பைக் குறையுங்கள்.

கம்ப்ரஸரைப் பற்றிச் சுருக்கமாக: அதன் குறைப்பு முள் தாளத்தோடு மூச்சு விட வேண்டும். அடிக்குப் பின் அடுத்த அடி வருமுன் முள் மேலே திரும்பவில்லை என்றால் ரிலீஸ் (தணித்ததை விடும்) நேரம் நீளம்.

ஒன்பதாம் படி: உரப்பை அளவிடுங்கள்

லஃப்ஸ் என்பது காது உணரும் உரப்பின் அளவு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.1770 என்ற விதி அதன் கணக்கை வரையறுக்கிறது. யூலியன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பு இதற்குப் போதும். ஸ்பொட்டிஃபை இயல்பாக −14 லஃப்ஸுக்குச் சமன்செய்கிறது. யூடியூப்பும் ஏறத்தாழ அந்த அளவுக்கு மேல் உரத்த பாட்டைத் தணிக்கிறது. உங்கள் பாட்டு −8 என்றால் அங்கே 6 டெசிபெல் இறங்கிவிடும். உச்சிகளை அமுக்கும் லிமிட்டரில் நசுங்கிய தவில் அடிகள் நசுங்கியபடியே இருக்கும், உரப்பும் கிடைக்காது.

கோயில் ஒலிபெருக்கியில் இந்தச் சமன் இல்லை; அடுத்த பாட்டு உரத்தால் உங்களுடையது சிறுத்துத்தான் கேட்கும். அதற்காகக் கவலைப்படுவோரின் நியாயம் எனக்குப் புரிகிறது. இரண்டுக்கும் நடுவில் −11 அளவில் நிறுத்துவது என் தெரிவு. எதுவானாலும் உண்மை உச்சி (ட்ரூ பீக்) −1 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். எம்பி3 ஆக மாற்றும்போது உச்சிகள் சற்று உயரும்.

இந்த மீட்டரின் பெரிய பயன் வேறொன்று. இரண்டு ஒலிகளில் உரத்ததே காதுக்கு நல்லதாகப்படும். ஈக்யூவோ கம்ப்ரஸரோ போட்டபின் “முன்னேறிவிட்டது” என்று தோன்றினால், முன்னும் பின்னும் லஃப்ஸ் அளவைச் சமப்படுத்திவிட்டு மறுபடி கேளுங்கள். பாதி முன்னேற்றங்கள் அப்போது மறைந்துவிடும். ஒப்பீட்டுப் பாடலுக்கும் இதேதான். மாஸ்டர் செய்து வெளியான பாட்டு உங்கள் மிக்ஸைவிட 6 முதல் 8 டெசிபெல் உரத்திருப்பது சாதாரணம். முதலில் அதை இறக்குங்கள். கருவிகளும் சுருதியும் நெருங்கிய பாட்டையே தேர்ந்தெடுங்கள். நாதஸ்வரமும் தவிலும் உள்ள பாட்டை மின்னணு நடன இசையின் படத்தோடு ஒப்பிட்டால் தவறான திசையில்தான் போவீர்கள்.

பத்தாம் படி: வெளியே எடுத்துச் செல்லுங்கள்

கைப்பேசி, முச்சக்கரவண்டி, வீட்டு டிவி, மலிவான ஹெட்போன். கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் தெரிந்த ஒரு பாட்டை முதலில் போட்டு, பிறகு உங்களுடையதைப் போடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே குறை கேட்டால் அது மிக்ஸின் குறை. ஓரிடத்தில் மட்டும் கேட்டால், பெரும்பாலும் அந்த ஸ்பீக்கரின் குறை, விட்டுவிடுங்கள். அறைக்குத் திரும்பியதும் அந்த வரிகளுக்காக மட்டும் அனலைசரைத் திறங்கள்.

முடிந்ததும் 24 பிட் வேவ் கோப்பாக எடுத்துவையுங்கள். கோயில் நிர்வாகத்துக்குக் கொடுப்பதென்றால் தனியாக ஒரு மோனோ பிரதி தயாரியுங்கள். அதில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். குழாய் ஒலிபெருக்கி அதை எப்படியும் ஒலிக்காது, அம்ப்ளிபயரின் வலு வீணாகும், அடி ஒலி அதிகமானால் குழாயின் டிரைவரும் பழுதாகும். கோப்பின் பெயரிலேயே “வீதி” என்று எழுதிவிடுங்கள், யூடியூப்புக்கு அது போய்விடக் கூடாது.